பைய

மூன்று வாரத்தில் முப்பதை ஐம்பத்திரண்டாக்கினேன்.
கிலோமீட்டர்தான், கடன் இல்லை.
வட்டி கட்டியது என்னவோ கால்.

செங்கோட்டையிலிருந்து புளியரை, திரும்பி வீடு.
வயல், வாய்க்கால், மேற்கே போகும் கல் லாரிகள்.
செவ்வாயும் சனியும் எஸ் வளைவில்
கீழிருந்து மேலே எட்டு முறை,
நாக்கில் இரும்புச் சுவை வரும்வரை.
வியாழன் விடியலில் சைக்கிளில் ஆரியங்காவு.
ஞாயிற்றுக்கிழமை ரஹ்மத்தக்கா தோட்டத்துக் கிணற்றில் நீச்சல்:
சுவரோரமாக இருபத்தைந்து சுற்று ஒரு கிலோமீட்டர்.
தண்ணிப்பாம்பு வலம் வந்தால்
நான் இடம் வருவதென்று எங்களுக்குள் ஏற்பாடு.

தண்ணீர் மன்னித்துவிடும்.
சைக்கிள் மறுநாள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விட்டுவிடும்.
ஓட்டம் மட்டும்
எலும்பில் எழுதி வைத்துக்கொள்ளும்.

எக்ஸ்ரே அறையில் எனக்கு வேலை.
நாடியை மேலே வைங்க, தோளை முன்னாலே தள்ளுங்க,
மூச்சை இழுத்துப் பிடிங்க, ம், விடுங்க.
ஒரு நாளைக்கு எழுபது பேரிடம் சொல்கிறவள்
டூட்டி முடிந்த சாயங்காலம்
செல்வகனியைப் பொத்தான் அமுக்கச் சொல்லிவிட்டு
மேசைமேல் காலை நீட்டினேன்.

படத்தில் ஒன்றுமில்லை.
நேராய், வெள்ளையாய், வழக்கே இல்லாத எலும்பு.
"நல்லாத்தானே இருக்கு" என்றாள் செல்வகனி.
இந்த மாதிரிப் படங்களை எனக்குத் தெரியும்.
பொய் சொல்லாது.
மூன்று வாரம் கழித்துச் சொல்லும்.
பெருவிரல் முந்திக்கொண்டது:
கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே
ஒரு ரூபாய்க் காசு அளவு இடம்,
அமுக்கினால் கண்ணில் தண்ணீர்.

கொச்சிப் போட்டிக்குப் பதினோரு வாரம் இருந்தது.
எதை அடிக்கட்டும், தூரத்தையா வேகத்தையா என்று
புனலூர் பினோஜுக்கு அனுப்பியிருந்தேன்.
ரப்பர் ஷீட் கடையில் கணக்கெழுதுகிறவன்,
கூட்டல் கழித்தலோடு பதில் வருமென்று பார்த்தால்
பஸ் ஹாரனுக்கு நடுவே ஒரே சொல்:
"பய்யெ."

எங்கள் ஊரில் பைய.
கோழி வண்டியும் கல் லாரியும்
செக்போஸ்டில் சீட்டுக் காட்டி நிற்க,
இது மட்டும் மலைக்கு இரண்டு பக்கமும்
கேட்பாரில்லாமல் போய்வருகிறது.

மூன்று வாரம் பாம்போடும் சைக்கிளோடும் கழித்தேன்.
நாலாம் வாரம் பைய ஓடினேன்.
அதைப்போல ஒரு மானக்கேடு கிடையாது.
பால்காரர் முந்தினார்.
கன்றுக்குட்டியை இழுத்துப் போனவர் முந்தினார்,
அதுவும் கன்றுக்கு விருப்பமில்லாதபோதே.
"காலு சரியில்லையா தாயீ?"
"சரியாகத்தான் இப்படி."

வேகம் மிஞ்சுகிறதா என்று பார்க்க
கடிகாரத்தை நம்பவில்லை.
ஓடிக்கொண்டே வயல்களிடம் சொல்லிப் பார்த்தேன்:
நாடியை மேலே வைங்க, தோளை முன்னாலே தள்ளுங்க,
மூச்சை இழுத்துப் பிடிங்க, ம், விடுங்க.
நடுவில் அறுந்தால் வேகம் அதிகம்.
அறாமல் வந்தால் சரி.
கொக்குகள் எதையும் பிடிக்கவில்லை, விடவில்லை.

கல் ஏற்றிய லாரி முதல் கியரில் முக்கி ஏறுகிறது.
காலி லாரி இறக்கத்தில் பறக்கிறது.
ஏற்றின கல்லோடு பறக்கப் பார்த்தவள் நான்,
ஒரே வாரத்தில், ஒரே காலில்.

இப்போது ஆறு நாளில் ஒரு நாள்தான் மூச்சு வாங்குகிறது.
தூரம் திரும்ப வருகிறது,
பிணங்கிப் போனவர் வீட்டுக்கு வருவதுபோல,
வாசல்வரை, பிறகு உள்ளே.
காசை அமுக்கிப் பார்த்தேன். செல்லாக் காசு.

சனிக்கிழமை எஸ் வளைவு.
சாரல், தார் முழுக்க ஈர இலை.
எட்டு இல்லை, நாலு.
நாலாவது முறை மேலே நின்றபோது
மூச்சு ஒழுங்காக இருந்தது, தொடை கேட்டது,
கீழே சாலையும் காலியாக இருந்தது.

ஐந்தாவது என் காலில் இருந்தது.
அதைக் காலிலேயே வைத்துக்கொண்டு
இறங்கி வந்தேன்.